இருளிரவும் விசுவாசமும்: சிலுவை யோவான் கண்ட அக வறட்சி

பத்தி இலக்கியத்தைப் பயில்வோர் பலர் பத்தியை உணர்ச்சியென்றே கொள்வர். உள்ளம் உருகுதல், கண்ணீர் பெருகுதல், மெய்சிலிர்த்தல் ஆகியவை மிக்க பாட்டினைப் பத்தி முதிர்ந்த பாட்டு என்றும், அவை குறைந்த பாட்டினைப் பத்தி குன்றிய பாட்டு என்றும் மதிப்பிடுதல் நம் திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. இவ்வளவுகோல் எல்லாவிடத்தும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. கிறித்தவ அருளாளருள் ஒரு சாரார், உணர்ச்சி முற்றும் வற்றிய இடத்தும் பத்தி நிற்கும் என்பர். அவ்விடத்தேதான் அது தூய்மை பெறும் என்றும் கூறுவர். அவர் கூற்று இன்னதென்று தெளியாமல் அவர்தம் நூல்களைக் கற்பவர், விசுவாசம் உள்ள இடத்தில் ஐயத்தையும், துன்பம் உள்ள இடத்தில் இன்பத்தையும் கண்டு மயங்க நேரும். இம்மயக்கத்தை நீக்குதற்கு இசுப்பானிய நாட்டுச் சிலுவை யோவானின் நூல்களை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை முயல்கின்றது.

சொல்லும் பொருளும்

இறைவேண்டலில் சுவையின்மை, மனம் ஒன்றாமை, இறைவன் அகன்றான் போன்ற உணர்வு ஆகியவை ஒருங்கே தோன்றும் நிலையை அந்நூலார் வறட்சி என்பர். இசுப்பானிய மொழியில் அதற்கு வழங்கும் 'செக்கெதாத்' என்னும் சொல்லும் நீரின்மையையே குறிக்கும். இவ்வுருவகம் பழமையானது. எபிரேயத் திருப்பாடல்களுள் 63ஆம் பாடல், நீரற்ற நிலத்தைப்போல இறைவனுக்காக விடாய்த்து நிற்கும் உயிரைப் பேசுகின்றது. யூதேயப் பாலைநிலத்தில் தாவீது இருந்தபோது பாடியது என்னும் தலைக்குறிப்பும் அப்பாடலுக்கு உண்டு.

வறட்சி என்ற அளவில் தமிழ் பயின்றார்க்குப் பாலை நினைவிற்கு வரும். பாலை என்பது தனியொரு நிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் கூறும் கருத்து. அகத்திணைக்கும் கர்மேல் துறவியர் நூல்களுக்கும் வரலாற்றுத் தொடர்பு இல்லை. ஆயினும், வறட்சி என்பது வேறோர் உள்ளத்திற்கு உரியதன்று, முன்னர்த் தளிர்த்திருந்த அதே உள்ளம் உற்ற திரிபே என்பதை விளங்கிக்கொள்ள இவ்வொப்புமை துணை செய்யும்.

இனி, விசுவாசம் என்னும் சொல்லைப்பற்றி ஒன்று கூறல் வேண்டும். பவுலடியார் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் இயலில் மூன்று பண்புகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. அவற்றைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு விசுவாசம், நம்பிக்கை, அன்பு எனப் பெயர்த்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு எனப் பெயர்த்துள்ளது. எனவே, 'நம்பிக்கை' என்ற ஒரே சொல் ஒரு பெயர்ப்பில் இரண்டாம் பண்பையும், மற்றொன்றில் முதற்பண்பையும் சுட்டுகின்றது. இவ்வேறுபாட்டைக் கருதாது இரு காலத்து நூல்களையும் ஒப்பிடுவார் தவறான முடிவிற்கு வருவர். மயக்கம் நேராதிருத்தற்பொருட்டு, இக்கட்டுரையில் முதற்பண்பினை விசுவாசம் என்றே வழங்குவோம்.

விசுவாசம் யாது? 13ஆம் நூற்றாண்டினராகிய தாமசு அக்குவினாரின் விளக்கப்படி, இறையருளால் தூண்டப்பெற்ற விருப்பாற்றலின் ஏவலால், இறைவன் வெளிப்படுத்திய உண்மைக்கு அறிவு இசைதலே விசுவாசம். இவ்விளக்கத்துள் உணர்ச்சிக்கு இடமில்லை என்பது நோக்கத்தக்கது. உணர்ச்சி உடன்வரலாம், வாராதும் போகலாம். வாராமையால் இசைவு பொய்யாகிவிடாது. சலமான்காப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சிலுவை யோவான் இவ்வடிப்படையின்மீதே தம் கருத்தினை எழுப்பினார்.

பாட்டும் உரையும்

யோவான் 1542இல் பொந்திவேரோசு என்னும் ஊரில் வறிய குடியில் பிறந்தார். 1563இல் கர்மேல் சபையிற் சேர்ந்தார். 1567இல் அவிலாத் தெரேசாவைக் கண்டு, அவர் தொடங்கிய சீர்திருத்தத்தில் ஈடுபட்டு, 1568இல் துருவேலோவில் ஆடவர்க்குரிய முதற் சீர்திருத்த மடம் எழத் துணைநின்றார். சீர்திருத்தத்தை ஏலாத தம் சபையினராலேயே 1577 திசம்பரில் பிடிக்கப்பட்டுத் தொலேதோ நகரில் ஏறக்குறைய ஒன்பது திங்கள் சிறையிருந்தார். சிறுதுளை ஒன்றன் வழியே மட்டும் வெளிச்சம் நுழையும் குறுகிய அறை அது. 1578 ஆகத்தில் அங்கிருந்து தப்பினார். 1591இல் உபேதாவில் மறைந்தார்.

'இருளிரவு' என்னும் பாட்டு, அவர் சிறையினின்று தப்பியதை அடுத்து எழுந்தது என்பர் ஆராய்ச்சியாளர். ஐந்தடியான் அமைந்த எட்டுச் செய்யுட்களே அதன் அளவு. காதல்வயப்பட்ட பெண்ணொருத்தி, தன் வீட்டார் அடங்கிய இரவில், மாறுவேடம் பூண்டு, மறைவான ஏணிவழி இறங்கி, நெஞ்சில் எரியும் ஒளியையே துணையாகக் கொண்டு தலைவனை அடைகின்றாள் என்பது அதன் பொருள். விவிலியத்து உன்னத சங்கீதத்தின் மரபினைத் தழுவியது இது. இப்பாட்டில் வறட்சி என்ற சொல்லும் இல்லை, வாட்டமும் இல்லை. தொடக்கமுதல் இறுதிவரை மகிழ்ச்சியே ஒலிக்கின்றது.

ஆனால், 1580களில் யோவான் தாமே இதற்கு வகுத்த உரையைத் திறப்பவர் திகைப்பர். உரை முழுவதும் வறட்சி, கைவிடப்பட்ட உணர்வு, உள்ளத்தின் வேதனை ஆகியவற்றையே விரித்துரைக்கின்றது. தம் நூலுக்குத் தாமே உரை வகுத்தார் இலக்கண விளக்க ஆசிரியர் வைத்தியநாத தேசிகரைப்போல நம்மிடையேயும் உளர். எனினும், பாட்டின் சுவையும் உரையின் சுவையும் இத்துணை முரணிநிற்கும் நூலைக் காண்டல் அரிது. சிறையிருட்டையே இருளிரவு என்று கொண்டு இம்முரணைத் தீர்க்க முனைவாரும் உண்டு. அவ்வாறாயின், பாட்டிலுள்ள மகிழ்ச்சிக்குக் காரணம் கூறல் இயலாது போகும்.

விடை உரையின் முன்னுரையிலேயே உள்ளது. இச்செய்யுட்களைப் பாடும் உயிர், கடத்தற்கரிய வழியைக் கடந்து, நிறைநிலையை எய்திய பின்னரே பாடுகின்றது என்கிறார் யோவான். பாட்டு, சென்றடைந்தவரின் நினைவு. உரை, இன்னும் வழியில் நிற்பவர்க்குத் துணை. ஒரே இரவு, நடப்பவர்க்குத் துன்பமாகவும், கடந்தவர்க்குப் பேறாகவும் தோன்றுகின்றது. அவ்வுரையும் முற்றுப்பெறவில்லை; மூன்றாம் செய்யுளின் தொடக்கத்தோடு நின்றுவிடுகின்றது.

உணர்ச்சியை ஏன் நம்பலாகாது?

யோவான் உணர்ச்சியைப் பழிப்பவரல்லர். இறைவழியில் புதிதாகப் புகுந்தார்க்கு இன்பவுணர்ச்சி தாய்ப்பால் போன்றது என்பது அவர் கருத்து. குழவி வளர்ந்தபின் தாய் அதனைப் பால்மறக்கச் செய்து, கையினின்று இறக்கி, நடக்கவிடுகின்றாள். அழுகை எழும், ஆயினும் அது வெறுப்பின் செயலன்று, வளர்ச்சியின் செயல். அதனைப் போன்றதே வறட்சி.

உணர்ச்சியைப் பற்றிக்கொள்வதனால் வரும் தீங்கினை அவர் 'இருளிரவு' உரையின் தொடக்க இயல்களில் விளக்குகின்றார். தலையாய பாவங்கள் ஏழும் இறைப்பற்றின் வேடத்தில் எவ்வாறு தோன்றும் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டுகின்றார். அவற்றுள் ஆன்மிகப் பெருந்தீனி என்பது ஒன்று. இன்பத்திற்காக வேண்டுவார், இன்பம் வாராதபோது வேண்டுதலையே விட்டுவிடுவர். அவர் தேடியது இறைவனையன்று. தம் சுவையையே என்பது அப்போது வெளிப்படும்.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. இறைவன் புலனுக்கும் கற்பனைக்கும் அறிவிற்கும் அடங்காதவன் என்பது கிறித்தவக் கொள்கை. அவ்வாறாயின், நாம் உணரும் எந்த இன்பமும், எவ்வளவு உயர்ந்ததாயினும், இறைவன் ஆகாது. அறிவின் எல்லைக்கு அப்பாற்பட்ட பொருளைப் பற்றுவதற்கு ஏற்ற வழி விசுவாசம் ஒன்றே என்று 'கர்மேல் மலையேற்றம்' என்னும் நூலில் அவர் நிறுவுகின்றார். பாட்டிலுள்ள மறைவான ஏணி அந்நூலில் விசுவாசத்தைக் குறிக்கும் என்று உரை காண்கின்றார். விசுவாசம் அறிவினையும், எதிர்நோக்காகிய நம்பிக்கை நினைவினையும், அன்பு விருப்பாற்றலினையும் வெறுமையாக்கித் தூய்மை செய்யும் என்பது அவர் வகுக்கும் முறை.

இருள் என்பது ஒளியின்மையன்று, ஒளியின் மிகுதி என்பதற்கு அவர் காட்டும் உவமை நினையத்தக்கது. பலகணி வழியே அறையினுள் கதிரவன் கற்றை பாய்கின்றது. தூசு மிகுதியாக இருப்பின் கற்றை நன்கு தெரியும். தூசு குறையக் குறையக் கற்றை கண்ணிற்குப் புலனாகாது. தூசின்றித் தூயதாயின் ஒளி முன்னையினும் குறையாதிருந்தும் காணப்படாது. உணர்ச்சி என்னும் தூசு தெளிந்தபோது இறையொளி தெரியாமற்போவது, அது நீங்கியதனால் அன்று என்பது கருத்து.

மூன்று அடையாளங்கள்

வறட்சி எல்லாம் தூய்மை செய்யும் வறட்சியே என்று யோவான் கூறவில்லை. பாவத்தாலும், சோம்பலாலும், உடல்நலக் குறைவால் வரும் மனச்சோர்வாலும் வறட்சி வரலாம். இவற்றைப் பிரித்தறிய அவர் மூன்று அடையாளங்களை வகுத்தார். அவருடைய எழுத்தின் நுட்பம் இங்கே நன்கு புலப்படும்.

முதலாவது, இறைச் செய்திகளில் சுவை இல்லாமையோடு, உலகப் பொருள்களிலும் சுவை இல்லாமை. இறைவேண்டல் கசந்து, வேறு களிப்புகள் இனித்தால், அவ்வறட்சிக்குக் காரணம் ஒருவனுடைய குற்றமே ஆகலாம். ஆனால், எதிலும் சுவையின்மை மனச்சோர்வாலும் வருமாதலின், இவ்வடையாளம் ஒன்றே போதாது.

இரண்டாவது, தான் இறைவனுக்குத் தொண்டு செய்யவில்லையே, பின்வாங்குகின்றேனே என்னும் கவலை இடையறாது நிற்றல். விசுவாசம் தளர்ந்தவனுக்கு இக்கவலை இராது. அவன் கவலையின்மையே அவன் தளர்ச்சிக்குச் சான்று. இழந்தேனோ என்று வருந்துபவன் இன்னும் இழக்கவில்லை.

மூன்றாவது, எவ்வளவு முயன்றும் முன்போல் கற்பனையால் தியானிக்க இயலாமை. உடற்சோர்வால் வந்ததாயின், சோர்வு நீங்கியபின் பழைய திறன் மீளும். தூய்மை செய்யும் வறட்சியாயின் இயலாமை தொடரும்.

மூன்றும் ஒருங்கே நின்றால், உயிர் வலிந்து தியானிக்க முயலாது, அன்புடன் கூடிய அமைதியான கவனத்தில் நிற்றலே தக்கது என்கிறார். ஓவியன் ஒருவன் உருவம் தீட்டும்போது எதிரே அமர்ந்தவர் ஓயாது அசைந்தால் ஓவியம் கெடும். ஏதேனும் செய்தே ஆகவேண்டும் என்னும் பதற்றம் அத்தகையதே.

இஞ்ஞாசியார் நெறியும் யோவான் நெறியும்

வறட்சிபற்றிய அறிவுரைகள் யாவும் ஒன்றே என்று கருதுதல் கூடாது. 1548இல் அச்சேறிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்னும் நூலில் லொயோலா இஞ்ஞாசியார் ஆறுதலின்மை என்னும் நிலையை இலக்கணப்படுத்துகின்றார். உள்ளத்தில் இருளும் கலக்கமும் சூழ்தல், இழிந்தவற்றின்பால் ஈர்க்கப்படுதல், நம்பிக்கையும் அன்பும் அற்றதுபோல் உணர்தல் ஆகியவை அதன் இயல்பு. அந்நிலையில் முன்பு செய்த உறுதியை மாற்றலாகாது என்பது அவர் விதித்த தலையாய விதி. கலங்கிய நீரில் வழி தெரியாது. தெளிந்திருந்தபோது கண்ட வழியிலேயே நடக்கவேண்டும். அதனோடு இறைவேண்டலையும் தன்னாய்வையும் மிகுதிப்படுத்தி அந்நிலையை எதிர்க்கவும் வேண்டும் என்கிறார்.

இஞ்ஞாசியார் எதிர்த்து முயலச் சொல்ல, யோவான் வலிய முயற்சியை விடச் சொல்வது முரண்போலத் தோன்றும். நோக்கின் முரணன்று. இஞ்ஞாசியார் கூறும் நிலையில் உள்ளம் இழிந்தவற்றின்பால் சாய்கின்றது. யோவான் கூறும் நிலையில் உள்ளம் எதன்பாலும் சாய்வதில்லை. நோய் வேறாதலின் மருந்தும் வேறு. இருவர்க்கும் பொதுவானது ஒன்று: அன்றைய உணர்ச்சியை உண்மைக்கு அளவாகக் கொள்ளாமை.

அவிலாத் தெரேசா தம் வரலாற்று நூலில் இதே கருத்தினைத் தோட்டமாக வரைந்து காட்டுகின்றார். உயிர் ஒரு தோட்டம். அதற்கு நீர் பாய்ச்சும் வழி நான்கு: கிணற்றிலிருந்து கையால் இறைத்தல், நீருருளை கொண்டு இறைத்தல், ஆறு அல்லது ஓடையிலிருந்து பாய்ச்சுதல், மழை பெய்தல். முதல் நிலையில் நிற்பவன் கிணற்றில் வாளியை இறக்கும்போது நீர் இல்லாது போகலாம். அப்போதும் அவன் தன் கடமையைச் செய்க. தோட்டம் அவனுடையதன்று, தலைவனுடையது. நீரின்றியும் பூக்களைக் காக்கத் தலைவன் அறிவான் என்கிறார். உழவின் அருமையை அறிந்த நமக்கு இவ்வுருவகம் எளிதில் விளங்கும். வறண்ட கிணற்றின்கண் வாளியை இறக்குபவனே விசுவாசி.

இருளில் எழுந்த பாட்டு

இக்கொள்கை ஏட்டளவினதோ என்பார்க்கு 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சு நாட்டினராகிய லிசியே தெரேசாளின் வாழ்வு விடையாகும். 1873இல் பிறந்து கர்மேல் மடம் புகுந்த இவர், 1896இல் உயிர்ப்பு விழாவை ஒட்டிக் கொடிய அக இருளுள் வீழ்ந்தார். காசநோயின் முதல் அறிகுறியும் அந்நாள்களிலேயே தோன்றியது. மறுமை என்பதே இல்லை என்று ஒரு குரல் உள்ளிருந்து எள்ளுவதுபோல அவருக்குத் தோன்றியது. அவ்விருள் 1897 செப்டம்பர் 30ஆம் நாள் அவர் இறக்கும்வரை நீங்கவில்லை. அவ்வோராண்டில் தாம் செய்த விசுவாசச் செயல்கள் முன்னைய வாழ்நாள் முழுவதிலும் செய்தவற்றினும் மிகுதி என்று அவர் குறிக்கின்றார்.

இலக்கிய மாணவர் கருதத்தக்கது இதன் பின் வருவது. அக்காலத்தே அவர் இன்பம் ததும்பும் பாட்டுகள் பல இயற்றினார். அவற்றைப் படிப்பார் தம்மை ஆறுதல் நிறைந்தவளாகக் கருதக்கூடும் என்றும், உண்மையில் தாம் உணர்வதையன்றி, விசுவசிக்க விரும்புவதையே பாடுவதாகவும் அவர் தம் தலைவிக்கு எழுதினார். இவ்வெழுத்து நமக்குக் கிட்டாதிருந்தால், அப்பாட்டுகளிலிருந்து அவர் மனநிலையை முற்றும் மாறாகவே முடிவு செய்திருப்போம். இது பொய்ப்பாட்டு அன்று. உணர்ச்சியின் இடத்தில் இசைவு நின்று பாடிய பாட்டு. சிலுவை யோவானின் பாட்டு கடந்தபின் எழுந்த மகிழ்ச்சி. தெரேசாளின் பாட்டு கடக்குமுன்னரே எழுந்த மகிழ்ச்சி. இரண்டும் மெய்ப்பாட்டால் ஒத்தும் பிறப்பால் வேறுபட்டும் நிற்கின்றன.

நம் நாட்டில் கல்கத்தாவில் பணிபுரிந்த அன்னை தெரேசாவின் மடல்கள் 2007இல் வெளிவந்தபோது, அவர் பல்லாண்டு அக இருளில் இருந்தமை தெரியவந்தது. அவர் விசுவாசம் இழந்தவர் என்று சிலர் உரைத்தனர். மேற்கூறிய மரபினை அறிந்தார் அவ்வாறு உரையார். அவர் தம் தொண்டினையும் இறைவேண்டலையும் விடாது நடத்தியமையே யோவானின் இரண்டாம் அடையாளத்திற்குச் சான்றாகும்.

தடையும் விடையும்

இங்கே இரண்டு தடைகள் எழும். உணர்ச்சியற்ற விசுவாசம் வெறும் பிடிவாதம் அன்றோ என்பது ஒன்று. பிடிவாதம் தன் கருத்தினைக் காப்பது. ஆதலின் அதற்குக் கவலை இல்லை. யோவான் கூறும் விசுவாசம் அன்போடு கூடியது. தான் அன்பு செய்யவில்லையே என்று வருந்துவது. மேலும், அதன் பயன் பிறர்மாட்டுப் பொறுமையாகவும் தன்மாட்டுப் பணிவாகவும் வெளிப்படும் என்கிறார் அவர். வறட்சியுற்றவன் பிறரைக் குறைகூறுதலை விடுகின்றான். பயனால் அறியப்படுதலின் பிடிவாதத்தினின்று இது வேறு.

எல்லாத் துயரையும் இருளிரவு என்று கூறி ஒருவரைத் தேற்றிவிடலாமோ என்பது மற்றொன்று. கூடாது. யோவானே மனச்சோர்வு நோயைத் தனியே பிரித்துக் காட்டினார் என்பதை மறத்தலாகாது. உறக்கமும் உணவும் கெட்டு, வாழ்வே வேண்டா என்று இருப்பவரை விசுவாசம் போதும் என்று அனுப்பிவிடுதல், அவர் நூலுக்கே மாறானது. அத்தகையோர்க்கு மருத்துவர் வேண்டும். இரண்டும் ஒருவரிடத்தே கலந்து நிற்றலும் உண்டு என்பதை அவர் ஒப்புகின்றார். ஆதலின் ஒன்றற்கு மருந்து செய்தல் மற்றொன்றை மறுத்தலாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். கிறித்தவ அருள்நெறியில் வறட்சி என்பது விசுவாசத்தின் முடிவன்று. உணர்ச்சியைச் சார்ந்து நின்ற விசுவாசம் தன் காலில் நிற்கக் கற்கும் இடம். அவ்வறட்சியும் ஒரு தன்மையதன்று. அடையாளங்களால் ஆய்ந்து கொள்ளற்பாலது. பாட்டில் தோன்றும் மெய்ப்பாட்டைக் கொண்டு பாடியவரின் உள்ளநிலையை முடிவு செய்தல் இவ்விலக்கியத்தில் பொருந்தாது. எந்நிலையில் நின்று பாடினார் என்பதையும் உடன் நோக்கல் வேண்டும்.

கிறித்தவத் தமிழ்ப் பாட்டுகளை ஆராயப் புகும் மாணவர்க்கு இம்மூன்றாவது உண்மை பெரிதும் பயன்படும். இறைவன் கைவிட்டான் என்று புலம்பும் பாட்டை அவநம்பிக்கை என்றும், மகிழும் பாட்டை மன நிறைவு என்றும் உடனே வகைப்படுத்தாது, பாடியவர் எங்கு நிற்கின்றார் என்று ஒரு முறை வினவுதல் நன்று. உணர்ச்சி நின்ற இடத்திலும் நிற்கும் பற்று ஒன்று உண்டு என்பதை ஏற்றுக்கொள்ளாத திறனாய்வு, இப்பாட்டுகளின் பாதியையே காணும்.